தாயும் சேயும் ஒருவரோ, இருவரோ?

விழா மலர்களிற் கல்லூரியைத் தாயென்று வாழ்த்துதல் நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். இம்மலரிலும் அவ்வாழ்த்துக்குக் குறைவிராது. இக்கல்லூரியிற் கற்று, இக்கல்லூரியிலேயே தமிழ் கற்பிக்கும் பேறு பெற்ற யானும் அவ்வன்னைக்குக் கடமைப்பட்டவன். ஆயினும் இம்முறை அவ்வுவமையை ஒருபுறம் வைத்து, உவமைக்கு மூலமாகிய மெய்த்தாயைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். தாயைப் புகழ்தல் வேறு. தாயை அறிதல் வேறு. இவ்வேற்றுமையை யான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். உணர்தற்கு வழிவகுத்தவன் என் மாணவன் ஒருவன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பதினோராந் தர வகுப்பிலே மாணிக்கவாசக சுவாமிகளின் போற்றித் திருவகவலை விளக்கிக்கொண்டிருந்தேன். கருவிலே தங்கிய நாள் முதலாகத் திங்கள்தோறும் எதிர்ப்படும் இடர்களினின்றும் உயிரானது பிழைத்துவரும் வரலாற்றைச் சுவாமிகள் அப்பாட்டில் முறைப்பட எடுத்துரைக்கின்றார். பத்தாந் திங்களைக் கூறுமிடத்துத் தாயும் சேயும் உடன்படுந் துயரைச் சுட்டுகின்றார். அவ்விடத்தில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், தாயும் துயர்ப்படுகிறாள், பிள்ளையும் துயர்ப்படுகிறது என்றால், அவர்கள் ஒருவரா, இருவரா?" என்று வினவினான். யான் சிறிதும் தயங்காது, "ஒருவரே, தாயின் இரத்தந்தான் பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. நல்ல விடை கூறினோம் என்னும் நிறைவோடு ஆசிரியர் அறைக்குச் சென்றேன்.

ஆங்கு உயிரியல் கற்பிக்கும் நண்பர் இதனைக் கேட்டு நகைத்தார். "சுவாமிகளின் பாட்டிற் பிழையில்லை, உங்கள் உரையிற்றான் பிழை" என்றார். தாயின் குருதி சேயின் உடலில் ஓடுவதில்லை என்றும், ஒன்றையொன்று தீண்டாத இரண்டு குருதிகள் ஒரு மெல்லிய படலத்தின் இருபுறமும் ஓடுகின்றன என்றும் அவர் விளக்கினார். மறுநாள் வகுப்பிலே என் விடையைத் திருத்தினேன். ஆனால் வாழ்க்கையில் அப்பிழையைத் திருத்துதற்குப் பின்னும் சில மாதங்கள் சென்றன. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இப்பிழை என் ஒருவனுடையதன்று. மேடைகளிலும் கட்டுரைகளிலும் தாயும் சேயும் ஓருடல் என்று பேசுகின்றோம். ஓருடலாயின், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னுங் கேள்வி எழாது. கேள்வி எழாதவிடத்துக் கணக்கும் எழாது. கணக்கில்லாதவிடத்து, கொடுத்துக் குறைந்தவளை நிரப்பவேண்டும் என்னும் எண்ணமும் எழாது. தாய்மையை நாம் வாயாரப் புகழ்ந்துகொண்டே தாயை வாடவிடுவதற்கு இவ்வறியாமை ஒரு காரணம் என்பதே என் கருத்து.

இனி, நண்பரிடங் கேட்டும் நூல்களிற் கற்றும் யான் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன்.

தாயின் குருதியோட்டமும் சேயின் குருதியோட்டமும் வெவ்வேறு என்பது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. வில்லியம் ஹன்ரர் என்னும் மருத்துவரும் அவர் தம்பி யோன் ஹன்ரரும் கர்ப்பகாலத்தில் இறந்த பெண்டிரின் குருதிக்கலங்களில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்தி ஆராய்ந்தனர். தாயின் கலங்களிற் செலுத்திய மெழுகு சேயின் கலங்களுட் புகவில்லை. வில்லியம் ஹன்ரர் தம் ஆராய்ச்சியைச் சிறந்த படங்களோடு 1774ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். இருநூற்றைம்பது ஆண்டுகளாக அறிந்த உண்மையை யான் வகுப்பிலே மறுத்துரைத்தேன் என்பதை எண்ணும்போது இன்றும் நாணம் உண்டாகின்றது.

இவ்விரு குருதிகளும் அண்மையிற் சந்திக்கும் இடத்தை நம் பாடநூல்கள் சூல்வித்தகம் என்று வழங்குகின்றன. ஊர்வழக்கில் அதனை நச்சுக்கொடி என்பர். பிள்ளை பிறந்தபின் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஊறு செய்யும் என்னும் அச்சத்தால் அப்பெயர் வந்தது போலும். ஒன்பது மாதமும் உயிரூட்டிய உறுப்புக்கு நாம் அளித்த பெயர் நஞ்சு! பசு கன்றீன்றால் அதன் இளங்கொடியை உமலிற் கட்டிப் பாலுள்ள ஆலமரத்திலே தொங்கவிடும் வழக்கம் நம்மூர்களில் இருந்தது. பசு நிறையப் பால் சுரக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பசுவின் கொடிக்கு இருந்த மதிப்புப் பெண்ணின் கொடிக்கு இருந்ததில்லை.

நிறைமாதத்தில் இவ்வுறுப்பு ஏறக்குறைய 500 கிராம் நிறையும், 20 சதமமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமும் உடையது. பார்வைக்குத் தட்டையான ஓர் அப்பம் போன்றது. இதனைப் பெரும்பாலும் ஆக்கிக்கொள்வது தாயின் உடலன்று, கருவே என்பது அறியத்தக்கது. கருவினின்றும் தோன்றிய நுண்ணிய சடைமுளைகள் மரத்தின் வேர்போற் கிளைத்துத் தாயின் குருதியினுள் தோய்ந்து நிற்கின்றன. அவற்றின் பரப்பையெல்லாம் விரித்தளந்தால் 10 சதுரமீற்றருக்கு மேலாகும். சடைமுளைகளின் உள்ளே சேயின் குருதி. வெளியே தாயின் குருதி. இடையிலே மயிரிழையினும் மெல்லிய படலம். நிறைமாதத்தில் நிமிடந்தோறும் அரை இலீற்றருக்கு மேற்பட்ட தாயின் குருதி கருப்பைக்கு வந்து மீள்கின்றது. சேயின் இதயம் தன் குருதியைக் கொப்பூழ்க்கொடியிலுள்ள இரண்டு நாடிகளின் வழியே சூல்வித்தகத்துக்கு அனுப்பி, ஒரு நாளத்தின் வழியே திரும்பப் பெறுகின்றது.

நம்மூர் வளவுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வளவுகளுக்கு இடையே கிடுகு வேலி நிற்கும். வேலியிலே ஒரு பொட்டு இருக்கும். இவ்வீட்டுக் கறி அவ்வீட்டுக்கும், அவ்வீட்டு மோர் இவ்வீட்டுக்கும் அப்பொட்டின் வழியே செல்லும். ஆனால் இரண்டு வளவுகளும் ஒரு வளவாகா. இரண்டு அடுப்புகளும் ஓரடுப்பாகா. தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு இத்தகையது. வேலியும் உண்டு, பொட்டும் உண்டு.

அப்பொட்டின் வழியே எவை செல்லும், எவை செல்லா என்பதும் விந்தையானது. சுவாசியாத சேய்க்கு ஒட்சிசன் தாயின் குருதியிலிருந்தே செல்லவேண்டும். சேயின் ஈமோகுளோபின் தாயினதைக் காட்டிலும் ஒட்சிசனை இறுகப் பற்றும் இயல்புடையதாக அமைந்திருப்பதால், தாயின் குருதி விடுவதைச் சேயின் குருதி ஏற்றுக்கொள்கின்றது. காபனீரொட்சைட்டும் பிற கழிவுகளும் எதிர்த்திசையிற் சென்று, தாயின் நுரையீரல் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுகின்றன. தாயின் குளுக்கோசு படலத்தைக் கடந்து செல்லும்; தாயின் இன்சுலின் செல்லாது. அதனாற்றான் தாய்க்கு நீரிழிவு இருந்து அது கட்டுப்படுத்தப்படாவிடின், சேயின் குருதியிலும் வெல்லம் மிகுகின்றது. சேய் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, அளவுக்கு மீறிப் பருத்துவிடுகின்றது. "கொழுத்த பிள்ளை" என்று மகிழ்வார் பலர். அக்கொழுமை சிலபோது நோயின் அறிகுறி.

தாய் தன் வாழ்நாளிற் கண்ட நோய்களை எதிர்த்து ஆக்கிய பிறபொருளெதிரிகளுள் ஒருவகையும் படலத்தைக் கடந்து சேயை அடைகின்றது. பிறந்த குழந்தை முதற் சில மாதங்களில் அத்தாய்ச்சொத்தைக் கொண்டே பல நோய்களினின்றும் தப்புகின்றது. கர்ப்பிணிக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடுதற்குக் காரணம் இதுவே. ஊசி தாயின் தோளில், காப்பு இருவருக்கும்.

ஆனால் வேலியென்று எண்ணி ஏமாறுதலும் ஆகாது. 1941ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியக் கண் மருத்துவராகிய நோமன் கிரெக் என்பார், கர்ப்பத்தின் தொடக்கத்திலே ஜேர்மன் சின்னமுத்துக் கண்ட தாயர்க்குப் பிறந்த குழந்தைகள் கண்ணிற் படலத்தோடு பிறத்தலைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். தாய்க்கு எளிதாக வந்து நீங்கிய நோய் சேயின் கண்ணைக் கெடுத்தது. 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட்டு என்னும் மருந்து, கர்ப்பிணிகளின் குமட்டலையும் உறக்கமின்மையையும் தணிக்கும் தீங்கற்ற மருந்தென்று கருதப்பட்டது. 1961ஆம் ஆண்டில் அது மீளப்பெறப்பட்டபோது, பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்திருந்தனர். விறாந்தையில் இருந்து தந்தை புகைக்கும் சிகரெட்டின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டும் தாயின் மூச்சினூடே சென்று சேயின் ஒட்சிசனைக் குறைக்கும். பொட்டு யாருடைய முகத்தையும் பார்த்துத் திறப்பதில்லை.

இனி, சேய் வாளா பெற்றுக்கொண்டிருக்கும் விருந்தாளி என்று எண்ணுவதும் தவறு. கருவானது கருப்பையிற் பதிந்த சில நாள்களிலேயே ஓர் ஓமோனைத் தாயின் குருதியுள் விடுத்து, வரவேண்டிய மாதவிடாயைத் தடுத்துவிடுகின்றது. சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பம் உண்டென்று கூறுவது இவ்வோமோனைக் கண்டேயாகும். கண்ணுக்குத் தெரியாத அச்சிறு கரு பேசும் முதற் சொல் அது. பின்னர்ச் சூல்வித்தகம் வேறோர் ஓமோனைச் சுரக்கின்றது. அதனாலும் பிற ஓமோன்களாலும் தாயின் உடல் இன்சுலினுக்கு முன்போல் இணங்குவதில்லை. ஆகவே உணவின்பின் தாயின் குருதியில் வெல்லம் நெடுநேரம் தங்குகின்றது. சேய் அதனைப் பெறுகின்றது. தாயின் உடல் இதற்கு எதிராக இன்சுலினை மேலும் சுரந்து ஈடுகொடுக்கின்றது. ஈடுகொடுக்க இயலாத தாயர்க்கே கர்ப்பகால நீரிழிவு வருகின்றது. 1993ஆம் ஆண்டில் டேவிட் ஹெய்க் என்னும் உயிரியலறிஞர், தாயின் நலமும் சேயின் நலமும் முற்றும் ஒன்றாகா என்றும், இருவரிடையே ஓயாத இழுபறி ஒன்று நிகழ்கின்றது என்றும் வாதிட்டார். சேய் இன்னுங் கொஞ்சம் கேட்கின்றது. தாயின் உடல் அடுத்த பிள்ளைக்கும் தனக்குமென்று கொஞ்சம் பிடித்துவைக்கின்றது. இதனைப் பகையென்று யான் கொள்ளவில்லை. கேட்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் இருவர்க்கிடையேதான் உண்டு.

மற்றொரு வியப்பும் உண்டு. சேயின் உடற்கூற்றிற் பாதி தந்தைவழி வந்தது. தாயின் உடலுக்கு அஃது அயலாருடையது. பிறரொருவரின் தோலை ஒட்டினால் ஏலாது தள்ளிவிடும் உடல், இவ்வயற்பொருளை ஒன்பது மாதம் எங்ஙனம் ஏற்றுக்கொள்கின்றது என்று 1953ஆம் ஆண்டில் பீற்றர் மெடவார் என்னும் அறிஞர் வினவினார். அவ்வினாவுக்கு முழு விடை காண அறிஞர் இன்றும் முயல்கின்றனர். தாய் சேயை அறியாமல் ஏற்பதில்லை. அயலென்று அறிந்தே ஏற்கின்றாள் என்பது மட்டும் தெளிவாகின்றது. இதனினும் சிறந்த விருந்தோம்பல் யாண்டு உளது?

இவ்விருந்தோம்பலின் செலவு எவ்வளவு? கர்ப்பகாலத்தில் தாயின் குருதியின் அளவு நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரை பெருகுகின்றது. அவள் இதயம், அமர்ந்திருக்கும் வேளையிலும், முன்னையினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிகுதியாக உழைக்கின்றது. சேயின் எலும்புகளுக்கு ஏறக்குறைய 30 கிராம் கல்சியம் வேண்டும். அதனிற் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களிற் செல்கின்றது. சேய்க்கும் சூல்வித்தகத்துக்கும் தாயின் பெருகிய குருதிக்கும், பிரசவத்தில் இழக்கும் குருதிக்குமாக ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு கிராம்தானே என்று எண்ணலாம். நாம் உண்ணும் சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் மிகச் சிறுபங்கே உடலிற் சேர்கின்றது. பல பெண்கள் அவ்விரும்புச் சேமிப்பு இல்லாமலே கருவுறுகின்றனர்.

இவ்விடத்தில் என் கதையைக் கூறவேண்டும்.

அம்மாணவன் வினவிய அதே ஆண்டில் என் மனைவி இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். காலையில் எனக்கும் மூத்தவளுக்கும் இடியப்பம் அவித்துக் கொடுத்து, எங்களை அனுப்பி, வீட்டுவேலை முடித்து, எஞ்சியதை உண்பாள். இரவில் யாவரும் உண்டபின் உண்பாள். சோற்றுக்குப் பின் தேநீர் அருந்துவாள். மாமி, "மிகுதியாகத் தின்றால் பிள்ளை பருத்துப் பிரசவம் கடினமாகும்" என்று அன்போடு எச்சரிப்பார். கிளினிக்கிற் கொடுத்த இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒவ்வாமல் அவள் அதனை விட்டுவிட்டாள், யான் அறிந்திலேன். அவளுக்கென்று கொடுத்த திரிபோஷாவைச் சீனியும் தேங்காய்ப்பூவுமிட்டு உருண்டையாக்கி, மாலையில் எனக்கும் மூத்தவளுக்கும் தேநீரோடு தருவாள். யான் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே சுவைத்து உண்டேன். அவ்வாரம் திருத்திய கட்டுரைகளின் தலைப்பு "அன்னையின் அருமை" என்பதை மறக்க முடியவில்லை.

ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வந்த மருத்துவமாது, மனைவியின் கண்ணிமையைக் கீழிழுத்துப் பார்த்தார். கிளினிக் அட்டையைப் புரட்டினார். ஈமோகுளோபின் 8 என்று எழுதியிருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைதல் ஆகாது. அவர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்துப்போடும். தாய்க்கு என்ன மிச்சம் எண்டதைத்தான் ஆரும் பாக்கிறதில்லை" என்றார். யான் கற்ற இலக்கணமும் எழுதிய கட்டுரைகளும் அச்சொல்லின்முன் நில்லாமற் போயின.

அவர் கூற்று இரும்பைப் பொறுத்தவரை உண்மை. தாயிடம் குறைவிருப்பினும் சூல்வித்தகம் சேய்க்கென்று இரும்பை முந்தி இழுத்துக்கொள்ளும். ஆயினும் தாயின் குறை எல்லை மீறினாற் சேயும் தப்புவதில்லை. குறைமாதப் பிறப்பும் குறைந்த நிறையும் அதனால் நேரும். 1944ஆம் ஆண்டின் இறுதி முதல் 1945ஆம் ஆண்டு வரை போரினால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அக்காலத்திற் கருவிலிருந்தவர்களை அறிஞர் பின்னாளில் ஆராய்ந்தபோது, நடுவயதில் அவர்களின் உடல் வெல்லத்தை ஆளுந் திறனிற் குறைந்திருந்தமை கண்டனர். தாய் உண்ணாத உணவின் கணக்கு ஐம்பது ஆண்டின் பின்னும் பிள்ளையின் உடலில் எழுதப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டில் அன்றிரவே ஒழுங்கு மாறிற்று. மாத்திரையை உறங்குமுன் உட்கொள்ளவும், சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரமேனும் விடவும் மருத்துவமாது சொன்னார். தேநீர் உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாது தடுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எனினும் ஏழாம் மாதத்தில் விழித்தவர்க்கு முழுப்பயன் கிட்டுமோ? பிரசவத்தில் மனைவிக்குக் குருதி சற்று மிகுதியாகச் சென்றது. நலமுடைய ஒருத்தி தாங்கிக்கொள்ளக்கூடிய அளவுதான் என்றார் வைத்தியர். இவளால் தாங்க இயலவில்லை. இரத்த வங்கியிலிருந்து இரண்டு பை இரத்தம் ஏற்றினர். அவ்விரவு முழுவதும் யான் விடுதிக்கு வெளியே வாங்கில் இருந்தேன். தாயின் இரத்தம் பிள்ளைக்கு ஓடுகிறது என்று வகுப்பிலே முழங்கியவன், முகமறியாத இருவரின் இரத்தம் என் பிள்ளையின் தாய்க்குத் துளித்துளியாக இறங்குவதைக் கண்ணாடிக் கதவினூடே பார்த்திருந்தேன். இருவரும் பிழைத்தனர். அன்று பிறந்தவன் இன்று இக்கல்லூரியிற் கீழ்வகுப்பொன்றிற் பயில்கின்றான்.

இவற்றை ஆண்பிள்ளைகள் பயிலும் கல்லூரியின் மலரில் எழுதுதல் தகுமோ என்று சிலர் வினவக்கூடும். தகும் என்பதே என் விடை. மாணிக்கவாசக சுவாமிகள் கருப்பையின் பத்துத் திங்களையும் திருக்கோயிலில் ஓதும் பாட்டிலே வைத்தார். அவர் நாணாத இடத்தில் நாம் நாணுவது எற்றுக்கு? பெண்கள் பாடசாலையில் மனையியற் பாடமாக மட்டும் இதனை ஒதுக்கிவிட்டால், பிற்காலத்திற் சோற்றைப் பங்கிடும் முறையையும் கிளினிக்குக்குச் செல்லும் பணத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கும் ஆடவன் ஒன்றும் அறியாதவனாகவே இருப்பான். யானே அதற்குச் சான்று.

விஞ்ஞானம் புகுந்தால் தாய்மையின் புனிதங் கெடும் என்பாரும் உளர். ஒன்றும் அறியாமல் வணங்கியபோது யான் அவள் பங்கை உண்டேன். அறிந்தபின்னரே அவளுக்கு முதலிற் பரிமாறினேன். எது பெரிய வணக்கம் என்பதை அவர்களே கூறட்டும். இன்னும் சிலர், நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றும் நலமாக இருந்திலரோ என்பர். இருந்தவர்களை நாம் கண்டோம், இறந்தவர்களைக் காணவில்லை. 1930களில் இந்நாட்டில் ஓரிலட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறக்க, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாயர் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை நாற்பதை ஒட்டி இறங்கிற்று. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடுவீடாகச் சென்ற மருத்துவமாதரும், பெண்கல்வியும், வைத்தியசாலைப் பிரசவமும் சேர்ந்து செய்த காரியம் அது. அதில் வீட்டிலிருக்கும் ஆடவரின் பங்கு மிகச் சிறிது. இனியேனும் அது வளரவேண்டும்.

ஆகையாற் பழைய மாணவர் சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். ஆண்டுக்கொரு நாள் அவர்களுள் ஒருவர் வந்து, மேல்வகுப்பு மாணவர்க்குத் தாய்சேய் உறவின் உண்மைகளை மறைப்பின்றி எடுத்துரைக்கட்டும். கடுந்தலையிடி, பார்வை மங்கல், முகவீக்கம், குருதிப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை கண்டால் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதை ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருத்தல் வேண்டும். மற்றையது, விழா ஆண்டுதோறும் கல்லூரி மண்டபத்தில் ஓர் இரத்ததான முகாம். பதினெட்டு வயது நிரம்பிய உடல்நலமுடையோர் கொடுக்கலாம். யாரோ இருவர் கொடுத்ததாலேயே என் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கின்றது.

இறுதியாக ஒன்று. 1893ஆம் ஆண்டில் கேயோர்க் ஷ்மோர்ல் என்னும் ஜேர்மன் அறிஞர், கர்ப்பகால வலிப்பினால் இறந்த பெண்டிரின் நுரையீரல்களிலே சூல்வித்தகக் கலங்கள் தங்கியிருத்தலைக் கண்டார். 1996ஆம் ஆண்டில் டயானா பியாங்கி என்னும் மருத்துவரும் அவர் துணைவரும், ஆண்மகவைப் பெற்று 27 ஆண்டு கழிந்த தாயொருத்தியின் குருதியில் ஆண் நிறமூர்த்தமுடைய கலங்கள் இருத்தலைக் கண்டனர். குருதிகள் கலவாவிடினும், சேயின் சில கலங்கள் வேலியைத் தாண்டித் தாயிடம் தங்கிவிடுகின்றன. தாயின் சில கலங்கள் சேயிடம் தங்கிவிடுகின்றன. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலரின் கலங்கள், ஊரில் தனித்திருக்கும் முதிய தாயரின் குருதியில் இன்றும் உலவக்கூடும். இவற்றால் தாய்க்கு நன்மையோ தீமையோ என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. ஒருமுறை தாயான உடல் மீண்டும் பழைய உடலாவதில்லை என்பது மட்டும் உறுதி.

அன்று வினவிய மாணவன் இன்று பழைய மாணவன். எங்கிருக்கின்றான் என்பதை அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின் என் விடை இதுவே: இருவர்தாம், தம்பி. இருவராகையாலேதான் ஒருவர் மற்றவர்க்குக் கடன்பட முடிகின்றது. உன் இல்லத்திற் கருவுற்றவள் ஒருத்தி இருப்பின், இன்றிரவு முதல் அகப்பைச் சோறு அவள் கோப்பையில் விழட்டும்.